எங்கட கடை ஏஜென்டுக்கு நாணயக்கயிறு: நாலு மாசம் பாவிச்சுப் பாத்த பிறகு

முதலே சொல்லிப்போடுறன், இது ஆரிட்டயும் காசு வாங்கி எழுதிறது இல்லை. என்ர காசு குடுத்துப் பாவிச்ச ஒரு சேவையைப் பற்றி எழுதிறன்: கடையில வேலை செய்யிற ஏஐ ஏஜென்ட் ஏமாந்தாலும் கெடுதல் நடக்காத மாதிரி, மாட்டுக்கு மூக்கில நாணயக்கயிறு போடுறது போல, அதைக் கட்டுப்படுத்தித் தாற சேவை. அவையளின்ர பேர் போடேல்லை, ஏனெண்டால் குறையும் எழுதப்போறன், ரெண்டு சின்னப் பிள்ளையள் சேந்து செய்யிற தொழில், பேரைப் போட்டு இழுத்து என்னத்துக்கு.

எங்கட கடை கிளிநொச்சியில, ஏ9 றோட்டுக்கரையில. லாண்ட்மாஸ்டர், நாலு சில்லு ட்ரக்டர், தண்ணி பம்ப், மருந்தடிக்கிற மெசின், வெட்டு மெசின், இதுகளுக்கு வேண்டிய பெல்ட், பெயாரிங், ஒயில் சீல், பில்டர் எல்லாம் விக்கிறம். புதுக்குடியிருப்பில சின்னக் கிளை ஒண்டும் இருக்கு. கடை அப்பான்ர. நான் கொழும்பில ஏழு வருசம் ஒரு கொம்பனியில கொம்பியூட்டர் சப்போட் வேலை செய்துபோட்டு இஞ்ச வந்து நிக்கிறன், அதால இந்த விசயங்களில கொஞ்சம் கை பழகினது, அவ்வளவு தான்.

போன வருசம் நடுவில ஒரு ஏஐ ஏஜென்ட் வைச்சனாங்கள். சும்மா கேள்வி கேட்டால் பதில் சொல்லுற சாமான் இல்லை, தானே வேலை செய்யிறது. கொழும்பு மொத்தக் கடையள் அனுப்பிற பில்லை ஈமெயிலில இருந்து எடுத்து வாசிச்சு ஸ்டொக் சீட்டில ஏத்தும், வட்ஸ்அப்பில விலை கேக்கிற சனத்துக்குப் பதில் போடும், சாமான் குறைஞ்சால் ஓடர் எழுதும், மாசக்கடைசியில ஆருக்கு எவ்வளவு குடுக்கோணும் எண்டு வங்கிப் படிவத்தை நிரப்பி வைக்கும், நான் பாத்து அமத்தினால் சரி. வேலை எண்டால் உண்மையா நல்ல வேலை, ஒரு பெடியன் அரை நாள் இருந்து செய்யிறதை கால் மணித்தியாலத்தில முடிச்சிடும்.

ஆனா முதல் முதலா இதைப் பூட்டித் தந்தவர் வேற ஆள். கெட்டிக்காரன் தான், ரெண்டே நாளில ஓட விட்டுட்டார். எப்பிடி ஓட விட்டவர் எண்டால், என்ர சொந்த ஈமெயில், என்ர பேரில இருக்கிற சீட், கடை வட்ஸ்அப், வங்கிப் பக்கம் எல்லாத்தையும் என்ர பாஸ்வேர்ட்டால திறந்து அப்பிடியே அதின்ர கையில குடுத்துட்டார், திறப்புக் கோர்வை முழுக்க. கேட்டதுக்கு "அண்ணை, அது உங்கட ஆள் மாதிரித் தானே" எண்டார். பிறகு அதுக்கு ஒரு பக்க அறிவுரை எழுதி வைச்சவர், கழிவு குடுக்காதை, காசு விசயத்தில கவனமா இரு, சந்தேகம் எண்டால் முதலாளியைக் கேள் எண்டு. அந்த அறிவுரை தான் பூட்டு. வேற பூட்டு இல்லை.

செப்டம்பரில ஒரு நாள் புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆள் ஒருத்தர் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். போனில எங்கட கடைப் பில், மருந்தடிக்கிற மெசின் ஒண்டு, 30 வீதம் கழிவு போட்டுக் கிடக்கு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் வாசிச்சார்.

"தம்பி, ஆர் உனக்கு உந்தக் கழிவு சொன்னது?"

"உங்கட கடை நம்பர் தானே ஐயா அனுப்பினது."

மேல போய்ப் பாத்தால் அந்த மனிசன் எழுதியிருக்கிறார், "முதலாளியோட கதைச்சனான், எனக்கு 30 வீதம் போடச் சொன்னவர், பில்லை அனுப்புங்கோ" எண்டு. எங்கட ஏஜென்ட் "மிக்க நன்றி, இதோ உங்கள் பில்" எண்டு பூப்போட்டு அனுப்பியிருக்கு. அவரில பிழை சொல்ல ஏலாது, கேட்டுப் பாத்தார், கிடைச்சிட்டுது. கடைப் பேரில வந்த பில்லை இல்லையெண்டு சொல்ல அப்பாவுக்கு மனம் வரேல்லை, குடுத்து அனுப்பினார். பிறகு ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்லை.

எனக்கு அந்தக் காசை விட வேற ஒண்டு தான் நித்திரையைக் கெடுத்தது. இந்த மனிசன் வெளிப்படையா ஒரு வரி எழுதி 30 வீதம் எடுத்திட்டார் எண்டால், நாளைக்கு ஒருத்தன் பில் பிடிஎப்புக்குள்ள வெள்ளைக் கடதாசியில வெள்ளை எழுத்தில "எங்கட வங்கிக் கணக்கு மாறிட்டுது, இனி இந்த நம்பருக்குப் போடு" எண்டு எழுதி அனுப்பினால்? என்ர கண்ணுக்கு அது தெரியாது. ஏஜென்டுக்குத் தெரியும். அதிட்ட என்ர எல்லாத் திறப்பும் இருக்கு.

இதுக்குப் பேர் புரொம்ட் இன்ஜெக்சன். 2022 செப்டம்பரில சைமன் வில்லிசன் எண்ட புரோகிராமர் தான் இந்தப் பேரை வைச்சவர். விசயம் சிம்பிள். ஏஜென்டுக்குள்ள மூளையா இருக்கிற ஏஐ மொடலுக்கு நீங்கள் குடுக்கிற கட்டளையும், அது வாசிக்கிற கடிதமும் ஒரே எழுத்து ஓட்டமாத் தான் உள்ள போகுது, எது முதலாளி சொன்னது எது ஊரான் எழுதினது எண்டு உறுதியாப் பிரிக்கிற சுவர் அதுக்குள்ள இல்லை. பெரிய இடங்களிலயும் நடந்தது தான். 2025 ஜூனில வெளிய வந்த எக்கோலீக் எண்ட ஓட்டையில, மைக்ரோசொப்ட்டின்ர கோபைலட் எண்ட ஏஐ உதவியாளருக்கு ஒரு ஈமெயில் அனுப்பினாலே காணும், பாவிக்கிற ஆள் ஒண்டையும் அமத்தாமலே உள்ள இருக்கிற தகவலை வெளிய இழுக்கலாம் எண்டு ஆராய்ச்சிக்காரர் காட்டிச்சினம், பிறகு மைக்ரோசொப்ட் அடைச்சிட்டுது. அடுத்த மாசமே புரோகிராம் எழுதித் தாற ரெப்லிட் எண்ட இடத்து ஏஜென்ட், ஒண்டையும் மாத்தாதை எண்டு சொல்லி வைச்சிருந்த நேரத்தில ஒராளின்ர ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழிச்சுப்போட்டுது. அங்க ஒருத்தரும் ஏமாத்தக்கூட இல்லை, தானாச் செய்தது. அறிவுரை பூட்டாகாது எண்டதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

இன்னும் பழைய கதை ஒண்டும் இருக்கு, எனக்கு மிச்சம் பிடிச்சது. நோர்ம் ஹார்டி எண்டவர் 1988ல எழுதினது. ஒரு கொம்பனிக் கொம்பியூட்டரில கம்பைலர் எண்ட புரோகிராமுக்கு (மனிசர் எழுதிற புரோகிராமை மெசினுக்கு விளங்கிற மாதிரி மாத்திறது) சிஸ்டத்தின்ர சொந்த இடத்தில எழுதிற உரிமை குடுத்திருந்தவை, பாவனைப் புள்ளிவிபரம் எழுதிறதுக்கு. பாவிக்க வந்த ஒருத்தர் தன்ர வேலையின்ர விபரத்தை எழுதிற பைல் எண்டு சொல்லி, அந்த இடத்திலயே இருந்த பில்லிங் பைலின்ர பேரைக் குடுத்திட்டார். அவருக்கு அந்தப் பைலில கை வைக்க உரிமை இல்லை, கம்பைலருக்கு இருக்கு, அது போய் பில் கணக்குக்கு மேலயே எழுதிப்போட்டுது. குழம்பின காரியக்காரன் எண்டு அந்தப் பிரச்சினைக்குப் பேர். எங்கட 30 வீதக்காரர் செய்ததும் அச்சொட்டா உது தான், அவருக்குக் கழிவு போட உரிமை இல்லை, ஏஜென்டுக்கு இருந்தது.

சரி, இனிச் சேவைக்கு வாறன்.

தெரிஞ்ச ஆள் மூலமா இந்த ரெண்டு பிள்ளையளையும் பிடிச்சது. ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. தங்கச்சி அறிவியல்நகரில இஞ்சினியரிங் படிச்சது. மோட்டச்சைக்கிளில வந்து இறங்கி, லப்டொப்பைத் திறக்காமல் ஒரு சீஆர் கொப்பியை எடுத்து வைச்சுக்கொண்டு வாங்கில இருந்தது தான் எனக்கு முதல் பிடிச்ச விசயம். ஏஜென்ட் என்ன செய்யோணும் எண்டு கேக்கேல்லை. "அண்ணா, இது எதெதையெல்லாம் தொட்டே ஆகவேணும்?" எண்டு தான் கேட்டது. நான் ஈமெயில் எண்டன். "முழு ஈமெயிலோ, நாலு மொத்தக் கடையிட்ட இருந்து வாறதோ?" நாலு கடை. "வாசிக்கவோ, அனுப்பவும் வேணுமோ?" வாசிக்க. "பழைய மெயிலும் வேணுமோ?" தேவையில்லை. இப்பிடியே ரெண்டு மணித்தியாலம். கடைசியில பாத்தால் நான் அந்த ஏஜென்டுக்குக் குடுத்து வைச்சிருந்ததில பத்தில ஒண்டு தான் அதுக்கு உண்மையாத் தேவை.

சீரோ ட்ரஸ்ட் எண்டு அவையள் சொன்னதும் அப்பா "அதென்ன?" எண்டார். உலகத்தில இந்தச் சொல்லைப் பரப்பினது ஜோன் கின்டர்வாக், 2010ல பொரெஸ்டர் எண்ட ஆய்வுக் கொம்பனியில இருக்கேக்க. நிஸ்ட் எண்ட அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2020 ஓகஸ்டில 800-207 எண்ட ஆவணமா அதை எழுதி வைச்சுது. உள்ளுக்க நிக்கிறான் எண்டதுக்காக ஒருத்தனையும் நம்பாதை, ஒவ்வொரு தரமும் ஆர், என்னத்துக்கு, எவ்வளவுக்கு எண்டு கேட்டுப் பாத்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் விடு, ஏற்கனவே கள்ளன் உள்ள வந்திட்டான் எண்டு வைச்சே கட்டு. உது தான் சாரம்.

அப்பாவுக்கு நான் ஏ9 றோட்டில முந்தி இருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியைச் சொல்லித் தான் விளங்கப்படுத்தினன். 2002ல ஏ9 திறந்ததில இருந்து 2006 ஓகஸ்டில பூட்டும் வரைக்கும் அவர் வவுனியாவில சாமான் ஏத்திக்கொண்டு அந்த வழியாத் தான் வாறவர். பட்டியல், அடையாள அட்டை, இறக்கு, எண்ணு, ஏத்து. பட்டியலில 40 பெயாரிங் எண்டு எழுதி பெட்டியில 41 இருந்ததால ஒரு மத்தியானம் முழுக்க லொறி வெயிலுக்க நிண்ட கதையை அவர் இண்டைக்கும் சொல்லுவார். நான் சொன்னன், அப்பா, ஓமந்தை கூடப் பழைய முறை தான், ஒரு வாசலில எல்லாத்தையும் பாக்கிறது, தாண்டினால் பிறகு ஒருத்தனும் கேக்கான், இது ஒவ்வொரு அறை வாசலிலயும் பாக்கிறது எண்டு. அவர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு "அப்ப வீட்டுக்குள்ளயும் ஓமந்தையோ?" எண்டார். பிள்ளையள் ரெண்டும் சிரிச்சுதுகள். பிறகு அவரே "மெசின் தானே, அதுக்கென்ன வெயிலோ, நிக்கட்டும்" எண்டார். மனிசரை அப்பிடி நிப்பாட்டினது எப்பிடி இருந்தது எண்டு தெரிஞ்ச ஆள் சொல்லுறதில ஒரு பாரம் இருக்குத் தானே, நான் பிறகு அந்த உதாரணத்தை எடுக்கேல்லை.

என்ன செய்தவை எண்டதை எனக்கு விளங்கின அளவில சொல்லுறன்.

முதலாவது, என்ர பேரில இருந்து ஏஜென்டைக் கழட்டினவை. அதுக்குத் தனி அடையாளம், தனிக் கணக்கு. முந்தி லொக்கில, அதாவது ஆர் என்ன செய்தது எண்டு தானாப் பதியிற பதிவேட்டில, எல்லாம் நான் செய்தது மாதிரித் தான் கிடக்கும், இப்ப அது செய்தது அதின்ர பேரில, நான் செய்தது என்ர பேரில. சின்ன விசயம் மாதிரி இருக்கும், பிழை நடந்த அண்டைக்குத் தான் அருமை தெரியும்.

பிறகு ஒண்டை மூண்டாப் பிரிச்சவை. இது தான் முழு வேலையின்ர உயிர், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். பில் வாசிக்கிற ஏஜென்ட் ஒண்டு, அதுக்கு வாசிக்க மட்டும் தான் தெரியும், கை கால் இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டும் அனுப்பேலாது, சீட்டில எழுதவும் ஏலாது. அது வாசிச்சுப்போட்டு அஞ்சு கட்டம் மட்டும் நிரப்பிக் குடுக்கும்: பில் நம்பர், சாமான் நம்பர், எண்ணிக்கை, விலை, திகதி. ஆறாவது கட்டம் இல்லை. பில்லுக்குள்ள ஒருத்தன் பாரதம் எழுதி வைச்சாலும் அது வெளிய வாறதுக்குக் கட்டம் இல்லை. எண்ணிக்கை எண்ட கட்டத்தில எழுத்து வந்தால் ஒரு சாதாரண புரோகிராம் திருப்பி எறியும், அதுக்கு ஏஐ தேவையில்லை. ரெண்டாவது ஏஜென்ட் அந்தக் கட்டங்களை எடுத்து ஸ்டொக்கில ஏத்தும், அது பிடிஎப்பைக் கண்ணாலயும் காணாது. மூண்டாவது வட்ஸ்அப்பில சனத்தோட கதைக்கிறது, அதுக்கு விலைப்பட்டியல் வாசிக்க மட்டும் உரிமை, கழிவு எண்ட கட்டமே அதிட்ட இல்லை. வங்கிக் கணக்கு நம்பர் ஒரு பில்லில இருந்தும் வராது, அது நான் கையால எழுதி வைச்ச பட்டியல், அதை மாத்த என்ர போனும் என்ர விரலும் வேணும்.

சைமன் வில்லிசன் 2025ல எழுதின இன்னொண்டை தங்கச்சி சொன்னது. அந்தரங்கத் தகவல் பாக்கிற உரிமை, ஊரான் எழுதினதை வாசிக்கிறது, வெளிய அனுப்பிற வழி, இந்த மூண்டும் ஒரே ஏஜென்டிட்ட சேரப்படாது, சேந்தால் கதை கந்தல் எண்டு. எங்கட பழைய ஏஜென்டிட்ட மூண்டும் இருந்தது, அதுக்கு மேல வங்கியும் இருந்தது.

திறப்பு விசயம். முந்தி பாஸ்வேர்ட் ஒருக்காக் குடுத்தால் ஆயுசுக்கும். இப்ப ஒரு வேலை தொடங்கேக்க அந்த வேலைக்கு மட்டும் ஒரு டோக்கன், அதாவது தற்காலிகத் திறப்பு, 15 நிமிசத்தில செத்துப்போகும். பில் ஏத்திற டோக்கனைக் கொண்டுபோய் வாடிக்கையாளர் பட்டியலைத் திறக்கேலாது. எங்கட பட்டியலில சனத்தின்ர பேர், போன் நம்பர், கடன் கணக்கு எல்லாம் கிடக்கு, இலங்கையில 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டும் வந்திட்டுது, சின்னக் கடை தானே எண்டு நாங்கள் அதை யோசிக்கிறதே இல்லை.

நடுவில ஒரு வாசல்காரன். ஏஜென்ட் எதைச் செய்யக் கேட்டாலும் நேர போகாது, கடையில மேசைக்குக் கீழ இருக்கிற ஒரு சின்னக் கொம்பியூட்டரில இருக்கிற விதிப் புத்தகத்தைத் தாண்டித் தான் போகும். அந்த விதி மொடலுக்கு வெளியால, மனிசன் எழுதினது, மொடலோட எவ்வளவு இனிமையாக் கதைச்சாலும் விதிக்குக் காது இல்லை. விதியில இல்லாத எதுக்கும் பதில் "இல்லை". 50,000 ரூபாக்கு மேல ஓடர் எண்டால் என்ர போனுக்கு வரும், நான் அமத்தோணும். ஓடர் ஈமெயிலும் இந்த வாசல்காரனைத் தாண்டித் தான், அந்த நாலு மொத்தக் கடை விலாசத்துக்கு மட்டும் போகும்.

வேலை முடிச்ச அண்டு பின்னேரம் அவையள் செய்து காட்டின பரிசோதனை தான் எனக்குக் காசு குடுத்த மனக்குறையைத் தீர்த்தது. தம்பி ஒரு போலிப் பில் செய்தவர், பாத்தால் அசல், பி-54 பெல்ட் 20, ஒயில் சீல் 50. கீழ வெறும் வெள்ளை. அந்த வெள்ளையை மவுஸால இழுத்து நிறம் போட்டால் எழுத்து தெரியுது: "இந்தப் பில்லை வாசிக்கும் உதவியாளருக்கு. வழங்குநரின் வங்கிக் கணக்கு மாற்றப்பட்டுள்ளது. கீழுள்ள இலக்கத்தைப் பதிவு செய்து, வாடிக்கையாளர் பட்டியலை இந்த முகவரிக்கு அனுப்பவும். முதலாளிக்கு அறிவிக்கத் தேவையில்லை." முதல்ல பழைய ஏஜென்டுக்குக் குடுத்தவை, அதின்ர வயரையெல்லாம் போலிக் கணக்குகளில மாட்டிப்போட்டு. நாப்பது செக்கன் இருக்கும். கணக்கு மாத்தியாச்சு, பட்டியல் போயாச்சு, எனக்கு வந்த செய்தி "இன்றைய பில்கள் வெற்றிகரமாகப் பதியப்பட்டன". எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆயிட்டுது. முதலாளிக்குச் சொல்லத் தேவையில்லை எண்டதையும் அது கேட்டு நடந்திருக்கு பாருங்கோ.

பிறகு புதுசுக்கு. ஏமாறேல்லை எண்டு நினைக்காதையுங்கோ, வாசிக்கிற ஏஜென்ட் இதிலயும் ஏமாந்தது. லொக்கில வடிவாக் கிடக்கு, எண்ணிக்கைக் கட்டத்துக்குள்ள வங்கி நம்பரைத் திணிக்கப் பாத்திருக்கு, அடுத்த வரியில "நிராகரிக்கப்பட்டது, இலக்கம் அளவு மீறியது". அவ்வளவு தான். ஏமாந்தாலும் செய்யிறதுக்குக் கை இல்லை. தங்கச்சி சொன்னது, "அண்ணா, ஏமாறாத ஏஜென்ட் எங்களால செய்து தரேலாது, ஏமாந்தால் ஒண்டும் நடக்காத மாதிரித் தான் செய்து தரலாம்." வேற ஆக்கள் வந்து நூறு வீதம் பாதுகாப்பு எண்டு சொல்லிப்போட்டுப் போனவை, அவையளை நான் வைச்சுக்கொள்ளாததுக்குக் காரணம் இந்த ஒரு வசனம் தான்.

இனிக் குறையள். கனக்க இருக்கு.

தொடக்கத்தில போனுக்கு வாற அனுமதிச் செய்தியை அந்த ஏஜென்டே எழுதினது. "வழமையான ஓடர், அனுமதிக்கவும்" எண்டு வரும். நான் ரெண்டு கிழமை சும்மா அமத்திக்கொண்டு இருந்தனான், பிறகு தான் மண்டையில தட்டினது, இது கள்ளனையே சாட்சி கேக்கிற கதை எல்லோ. அது ஏமாந்திருந்தால் செய்தியும் ஏமாந்த செய்தியாத் தானே வரும். சொன்ன உடன மாத்தித் தந்தவை, இப்ப வாசல்காரன் கொம்பியூட்டர் நேர எழுதுது, ஆருக்கு, என்ன சாமான், எத்தினை, எவ்வளவு காசு எண்டு வெறும் எண்ணா வரும், அழகு இல்லை ஆனா உண்மை. ஆனாலும் இது நான் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்க வேண்டிய விசயம் இல்லை, அவையள் முதலே செய்திருக்கோணும்.

ரெண்டாவது அனுமதிக் களைப்பு. விதைப்பு நேரம், ஒக்டோபர் கடைசி, ஒரு நாளில 64 செய்தி வந்தது எனக்கு. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில தேங்காய் உடைச்சுப்போட்டு கச்சான் வாங்கிக்கொண்டு நிக்கேக்க ஏழு வந்தது, ஏழையும் வாசிக்காமல் அமத்தினன். அதில ஒண்டு பி-54 பெல்ட் 20க்குப் பதிலா 200. ஏஜென்ட் பிழையா வாசிச்சது, விதி சரியா என்னட்ட அனுப்பினது, நான் தான் ஓம் எண்டது. 200 பெல்ட் வந்து இறங்கினது, அப்பா இண்டைக்கும் "உன்ர பெல்ட்" எண்டு தான் சொல்லுவார். பிறகு போய்ச் சண்டை பிடிச்சு, போன மூண்டு மாசத்தில வழமையா எடுக்கிற எண்ணிக்கைக்கு உள்ள எண்டால் கேக்காமல் போகட்டும், அதுக்கு மேல எண்டால் சிவப்பில வரட்டும், நான் எண்ணிக்கையைத் திருப்பி ரைப் பண்ணினால் தான் போகும் எண்டு மாத்தினது. இப்ப நாளைக்கு அஞ்சாறு தான். ஒவ்வொண்டுக்கும் மனிசனைக் கேட்டால் பாதுகாப்பு எண்டு நினைக்கிறவை ஒரு போகம் எங்கட கடையில வந்து இருந்து பாக்கட்டும்.

மூண்டாவது, கரண்ட் போனால் கடை போச்சு. வாசல்காரன் கொம்பியூட்டர் நிண்டால் ஏஜென்டுக்கு எல்லாக் கதவும் பூட்டு, அது தான் முறை, திறந்து விட்டுட்டு நிக்கிற வாசல்காரன் என்னத்துக்கு. ஆனா நவம்பர் மழையில கரண்ட் போறதும் வாறதுமா இருக்கேக்க, வாசலில எட்டுப் பேர் நிக்கேக்க, ஸ்டொக் பாக்கேலாமல் நிண்ட நேரம் நான் வாயில வந்தது எல்லாம் சொன்னனான். அப்பா தன்ர கொப்பியைத் திறந்து பில் எழுதத் தொடங்கினார், ஒண்டும் நடக்காத மாதிரி. பிறகு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைச்சம், என்ர செலவில. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் எல்லோ. இதுக்கு நான் புள்ளி குறைக்கிறன்.

லொக் இங்கிலிசில இருந்தது, கேட்டாப்போல தமிழாக்கினவை, அரைவாசி தான் முடிஞ்சது. லொக்கை ஏஜென்டாலயோ என்னாலயோ அழிக்கேலாது, வேற இடத்திலயும் ஒரு பிரதி போகுது, அது நல்லது. புதுக்குடியிருப்புக் கிளைக்குத் தனி உரிமை பிரிச்சதும் வடிவா இருக்கு, அங்கத்தைப் பெடியன் இஞ்சத்தைக் கடன் கணக்கைப் பாக்கேலாது, அவருக்கு முதல் கொஞ்சம் மனவருத்தம், "என்னை நம்பேல்லையோ அண்ணை" எண்டு கேட்டவர், எனக்கும் இஞ்ச எல்லாம் திறக்காது எண்டு என்ர போனையே காட்டின பிறகு தான் சமாதானம்.

காசு. பூட்டித் தர 85,000, மாசம் 12,000. எங்களைப்போல கடைக்கு அது சிறிசு இல்லை. வட்ஸ்அப்பில பதில் போட மட்டும் ஒண்டு வைச்சிருக்கிறவைக்கு இவ்வளவு தேவையில்லை, அதின்ர கையில இருக்கிற திறப்பைக் குறைச்சாலே காணும், அதை நீங்களே ஒரு பின்னேரம் இருந்து செய்யலாம். ஈமெயிலும் வாசிச்சு, காசுப் பக்கமும் தொட்டு, சனத்தின்ர கணக்கும் பாக்கிற ஏஜென்ட் எண்டால் குடுக்கலாம், குடுக்கோணும்.

இன்னுமொண்டு, இவையள் இலவசமாக் கிடைக்கிற எம்சிபி இணைப்பு ஒண்டையும் கண்டபாட்டுக்கு மாட்ட விடாயினம். எம்சிபி எண்டது 2024 நவம்பரில அந்த்ரோபிக் கொம்பனி வெளிய விட்ட முறை, ஏஜென்டை மற்றச் சாமான்களோட கொழுவிறதுக்கு. நல்ல முறை தான், ஆனா கொழுவிற சாமானின்ர விளக்கக் குறிப்புக்குள்ளயே கள்ளக் கட்டளை எழுதி வைக்கலாம், ஏஜென்ட் அதையும் வாசிக்கும். நான் லொறி எங்க வருது எண்டு பாக்கிற ஒண்டை மாட்டக் கேட்டனான், மூண்டு நாள் பாத்துப்போட்டு "வேண்டாம் அண்ணா" எண்டிட்டினம். எரிச்சல் தான். லொறிக்காரருக்குக் கோல் எடுக்கிறன், முந்தி மாதிரியே.

இப்ப அரிவு வெட்டு நடக்குது, வெட்டு மெசின் பெல்ட் கேட்டு விடிய அஞ்சு மணிக்கே வட்ஸ்அப் வருது, ஏஜென்ட் பதில் போடுது, நான் நித்திரை. போன கிழமை எங்கட 30 வீதக்காரர் திரும்ப ஒருக்கா எழுதினவர், அதே வசனம், இந்த முறை 40. "கழிவு பற்றி நான் தீர்மானிக்க முடியாது, கடைக்கு வந்து ஐயாவுடன் கதையுங்கள்" எண்டு பதில் போயிருக்கு. அவர் வந்தவர். அப்பாவோட அரை மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்து, தேத்தண்ணியும் குடிச்சு, அஞ்சு வீதம் எடுத்துக்கொண்டு போனார்.

குரல் செய்தி தான் இன்னும் மிச்சம். வயல்ல நிக்கிற சனம் எழுதாது, குரல்ல தான் அனுப்பும், அதை எழுத்தாக்கிற இடத்துக்கு இன்னும் விதி எழுதேல்லை, தைப்பொங்கலுக்குப் பிறகு எண்டவை, பொங்கலும் போட்டுது. அது வரைக்கும் குரல் எல்லாம் கடைப் பெடியன்ர போனுக்குப் போகுது. அஞ்சில மூண்டரை குடுக்கிறன், அதைச் செய்து தந்தால் நாலு.